பாமினியில் பூட்டிக் கிடக்கும் பாடங்கள்

அன்புள்ள நண்பா,

நலம். உன் மகளின் திருமணம் இனிதே முடிந்ததை அறிந்து மகிழ்ந்தோம். வர இயலாமற்போனதைப் பொறுத்துக்கொள். இப்போது உன்னிடம் ஓர் உதவி வேண்டி எழுதுகிறேன்.

இவ்வாண்டு என் முதுகலை வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்ந்திருக்கிறார். கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கிறார். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. விலையின்றிக் கிடைப்பதால்தான் எளிய குடும்பத்துப் பிள்ளையின் கைக்கும் வந்திருக்கிறது. முதல் வாரம் நான் அனுப்பிய இலக்கணக் குறிப்புகளைத் திறந்தவர், "ஐயா, எல்லாம் ஆங்கில எழுத்தாகவே கேட்கிறது" என்றார்.

அவை உன் கடையில் பாமினி எழுத்துருவில் நீ தட்டச்சு செய்து தந்தவை. நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிந்திருக்கிறது. திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளிருக்கும் குறியீட்டையே படிக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இதை அறியாமல் பாடம் நடத்தியிருக்கிறேனே என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நூல்களை வருடி எடுத்த படக்கோப்புகளோ பேசுவதே இல்லை. படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக்கும் எழுத்துணரி மென்பொருளில் இட்டுப் பார்த்தேன். மங்கிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டுப் போகிறது. புணர்ச்சி விதி படிப்பவருக்குப் புள்ளி போனால் என்ன மிஞ்சும்? 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. இவருக்கு இடம் கிடைத்துவிட்டது, பாடம் இன்னும் கிடைக்கவில்லை.

என்னிடம் இருப்பவை பிடிஎஃப் மட்டுமே. மூலக் கோப்புகள் உன் பழைய கணினியில் இருந்தால், அவற்றை ஒருங்குறிக்கு, அதாவது கணினி தமிழ் எழுத்தைத் தமிழாகவே அறியும் யூனிகோடு குறியீட்டுக்கு, மாற்றித் தருவாயா? மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மெய்ப்பை நானே பார்த்துவிடுகிறேன். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல், வேர்டில் உள்ள தலைப்புப் பாணியிலேயே அமைத்துவிடு. அப்போதுதான் அவர் ஒரு விசையை அழுத்தி இயலுக்கு இயல் தாவ முடியும். இல்லாவிட்டால் வேண்டிய நூற்பாவைத் தேடி முழுக் கோப்பையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும்.

சொல்லதிகாரக் குறிப்புகளை முதலில் அனுப்பு. வரும் திங்களன்று அதைத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்