பதினாலு பக்க உறுதிக்குப் பதினாலு படமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊர்க் காணி அலுவல்களை அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம் என்று போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆவணங்களை ஸ்கான் செய்து அனுப்பினால் மிச்சம் எல்லாம் சுகமாக நடக்கும் என்கிறார். அனுப்பலாம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அனுப்புகிற விதத்தில், அந்தப் பக்கம் வாங்கிப் பார்க்கிறவருக்கு ஒரு சுகமும் இல்லை.

அண்மையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், கனடாவுக்குப் போனது. பதினாலு பக்கம். போட்டோக்கொப்பிக் கடைப் பொடியன் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாகச் சேமித்து, வட்ஸ்அப்பில் தள்ளிவிட்டான். போய்ச் சேர்ந்ததும் பதினாலு படம்தான். அங்கே இருக்கும் அந்தக் குடும்பத்துத் தம்பி அதைச் சட்டத்தரணிக்கு அனுப்ப, அவர் தன் உதவியாளருக்கு அனுப்ப, வரிசை குலைந்துவிட்டது. உறுதியின் அட்டவணையில் கிழக்கு எல்லை ஒரு பக்கத்தின் கடைசி வரியிலும் மற்ற மூன்று எல்லைகளும் அடுத்த பக்கத்திலும் இருந்தன. அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நொத்தாரிசின் கையெழுத்துப் பக்கம் வந்து குந்திக்கொண்டது. காணிக்கு ஒரு எல்லைதானா என்று அங்கிருந்து கேள்வி வந்தது. சிரிப்பாக இருந்தாலும், காணிக்காரருக்கு அது ஒரு கிழமை இழுபறி.

பொடியனை நான் குறை சொல்ல வரவில்லை. கேட்டதைத்தான் அவன் செய்தான். ‘ஸ்கான் பண்ணித் தாங்கோ’ என்றார்கள், பண்ணிக் கொடுத்தான். ‘எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கித் தாங்கோ’ என்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் கேட்டு அறியவில்லை. யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராச் சந்தியிலிருந்து பல்கலைக்கழகம் வரை போட்டோக்கொப்பி எடுக்கிற இடத்துக்குக் குறைவில்லை. மாணவர்கள் ஆய்வறிக்கையை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும்படி கேட்டு வாங்குகிறார்கள். அதே வசதி உறுதியோடு வருகிற அம்மாவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கதை.

மேலதிக வேலை என்றும் ஒன்றும் இல்லை. கடைகளில் இருக்கும் பெரும்பாலான ஸ்கானர்களின் மென்பொருளிலேயே பிடிஎஃப் என்று தெரிவு செய்தால், ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம் இருக்கிறதா என்று கேட்கும். ஆம் என்று சொல்லித் தாளை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் ஒருமுறை சேமித்தால் சரி. அப்படிக் கேட்காத மென்பொருள் என்றால் நாப்ஸ்2 என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பக்கங்களை இழுத்து முன்பின் மாற்றலாம், சரிந்த பக்கத்தை நிமிர்த்தலாம். தாளைத் தானே இழுக்கிற மெஷினில் முதலில் முன்பக்கங்களையும் பிறகு தாள் கட்டைப் புரட்டிப் பின்பக்கங்களையும் விட்டால், இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தும் தரும். படங்களாக ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றாலும் பாதகமில்லை. விண்டோஸ் 10 முதல், எல்லாப் படங்களையும் ஒன்றாகத் தெரிந்து பிரின்ட் கொடுத்து, பிரின்டர் பட்டியலில் மைக்ரோசொஃப்ட் பிரின்ட் டூ பிடிஎஃப் என்பதைத் தெரிவு செய்தால் தாளுக்குப் பதில் ஒரே கோப்பு வந்து விழும். அதற்கு முன் படங்களுக்கு 01, 02 என்று பெயர் வைப்பது நல்லது. வெறும் 1, 2 என்று வைத்தால் சில மென்பொருள்கள் 1-க்குப் பிறகு 10-ஐக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

பழைய உறுதிகளின் சங்கதி வேறு. முதலாவது, பின்பக்கம். காணிப் பதிவகத்தின் குறிப்பும் முத்திரையும் தாளின் மறுபக்கத்திலோ ஓரத்திலோ இருக்கும். மறுபக்கம் வெறுமையாகத் தெரிகிறது என்று விட்டுவிட்டால் சட்டத்தரணி முதலில் தேடுவது அதைத்தான். இரண்டாவது, நீளம். ஏ4 தாள் 297 மில்லிமீற்றர். லீகல் தாள் 356 மில்லிமீற்றர். சாதாரண ஸ்கானரின் கண்ணாடி ஏ4 அளவுதான். ஆக, நீளமான உறுதியின் அடியில் இரண்டு அங்குலம் வெட்டுப்படும், கையெழுத்து இருப்பதும் அநேகமாக அங்கேதான். மூன்றாவது, மடிப்பில் கிழிந்து, ஸ்ரேப்பிள் பின் துருப்பிடித்துப்போன தாள்களை ஒருநாளும் தாள் இழுக்கிற மெஷினில் விடக்கூடாது. அது அப்பளம் போல நொறுங்கிவிடும்.

அப்படிப்பட்ட தாள்களுக்கு ஸ்கானரைவிடக் கையில் இருக்கும் போனே மேல் என்பேன். அன்ட்ராய்ட் போனில் கூகிள் ட்ரைவ் செயலியைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தினால் ஸ்கான் என்று இருக்கிறது. ஐபோனில் 2017 முதல் நோட்ஸ் செயலிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் தாளின் நான்கு மூலையையும் தாமே கண்டுபிடித்து, கோணலை நேராக்கி, பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். தாளை வெள்ளை மாபிள் தரையில் வைக்காமல் கடும் நிறத் துணியில் வையுங்கள், மூலை தெளிவாகப் பிடிபடும். ஃப்ளாஷ் வேண்டாம், விறாந்தை வெளிச்சம் காணும். அப்புறம், அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பவேண்டும். படமாகப் போனால் அது தன்பாட்டில் சுருக்கிவிடும், முத்திரையில் உள்ள சின்ன எழுத்து வாசிக்க முடியாது.

தெளிவு வேண்டும் என்று 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், எடுத்துத் தள்ளுகிற கடைகளும் உண்டு. எழுத்துள்ள தாளுக்கு 300 போதும். 300-இல் ஒரு ஏ4 பக்கம் 2480-க்கு 3508 புள்ளி, 600-இல் அதைப்போல நாலு மடங்கு. பதினாலு பக்கத்தை அப்படி எடுத்துவிட்டுப் பிறகு ஜிமெயிலின் 25 எம்பி எல்லைக்குள் அடங்கவில்லை என்று தலையைச் சொறிகிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியாத கலை என்றும் சொல்ல முடியாது. 2005 முதல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் மலர்களும் ஏறிக்கொண்டிருக்கின்றன. முன்னட்டை முதல் பின்னட்டை வரை ஒரே கோப்பாகத் திறக்கின்றன. அந்த ஒழுங்கில் பாதி இருந்தாலும் ஒரு உறுதிக்கோ ஓய்வூதியக் கோவைக்கோ தாராளம்.

அலுவலகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சான்றிதழ்களின் பிரதிகளை மின்னஞ்சலில் அனுப்பவும்’ என்று மட்டும் அறிவித்தல் போடுகிறார்கள். எத்தனை கோப்பு, எந்த வரிசை, எவ்வளவு அளவு என்று இருக்காது. ஒரு விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக, 2 எம்பிக்குள் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். அது பரவாயில்லை, கேட்பது என்ன என்றாவது தெரிந்தது. இன்னொரு இடத்தில் ஒவ்வொரு சான்றிதழையும் தனித்தனி மின்னஞ்சலாகப் பெற்று, பிறகு ‘அனுப்பினதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரில வாங்கோ’ என்றார்கள். நேரில் போவதென்றால் மூலப்பிரதியையே கொண்டுபோயிருக்கலாமே. ‘ஒரே பிடிஎஃப், முன்பின் பக்கங்களுடன், விண்ணப்பம் முதலில், சான்றிதழ்கள் அடுத்து’ என்று அறிவித்தலில் ஒரு வரி சேர்ப்பதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

இன்னும் ஒன்று. பக்கங்களை இணைக்க என்று இலவச இணையத்தளங்கள் நிறைய உண்டு. பள்ளிக்கூட வினாத்தாள் என்றால் பயன்படுத்துங்கள். அடையாள அட்டையையும் காணி உறுதியையும் யாருடையது என்று தெரியாத கணினிக்கு ஏற்றாதீர்கள், மேலே சொன்ன வழிகளுக்கு அது தேவையே இல்லை. கடைக் கணினிகளிலும் இதே பிரச்சினைதான். பல கடைகளின் திரையில் முந்தாநாள் வந்தவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இன்றும் கிடக்கிறது. கோப்பு உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் முன்னாலேயே அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். போட்டோக்கொப்பி விலையை எழுதித் தொங்கவிடுகிற பலகையிலேயே ‘ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரப்படும், வேலை முடிந்ததும் அழிக்கப்படும்’ என்று எழுதி, அதற்கு ஒரு நியாயமான விலையும் போடட்டும். பக்கத்துக்குப் பத்து இருபது ரூபா கூடக் கேட்டாலும் சனம் கொடுக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.