ஆசாரிப்பள்ளம் சாலைத் தங்குகூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூடம் முடிந்துவிட்டது. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியோடு வருகிறவர்கள் இரவில் தலைசாய்க்க, நம் சங்கத்தின் ஏழு சென்ட் மனையில் கட்டிய கூடம் இது. இதைத் திருப்பணி என்று ரசீதில் அச்சிட்டதற்கே சிலர் வருத்தப்பட்டார்கள். கோயில் வேலைக்கு உரிய சொல் அது என்றார்கள். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு மழையில் கடை ஓரமாக ஒதுங்கி நிற்கிற தாய்க்குக் கூரை போடுவதும் திருப்பணிதான் என்பது குழுவின் முடிவு. அந்தச் சொல்லை மாற்றவில்லை.

முதலில் கணக்கு. திட்டமிட்டது 14,60,000 ரூபாய். இதுவரை செலவானது 18,05,000. கூடுதல் 3,45,000. வரவு 18,62,000. கையில் 57,000 இருக்கிறது. தரை ஓடு, வயரிங், மின்விசிறி, பெயின்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சொன்ன தொகைக்குள் முடிந்தன.

கூடுதல் எப்படி வந்தது என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

நான்கு அடியில் கெட்டி மண் கிடைக்கும் என்று நம்பித்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். மூன்று பக்கம் கிடைத்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் மண்வெட்டி கறுத்த களியோடு வந்தது. எந்தக் காலத்திலோ தூர்ந்துபோன குளத்தின் ஓரமாக இருக்க வேண்டும். ஒன்பது அடி போன பிறகுதான் கெட்டி மண் தட்டுப்பட்டது. “ஊர்ப் பேரிலேயே பள்ளம் இருக்கே, பார்க்க வேண்டாமா” என்று பொதுக்கூட்டத்தில் ஓர் அண்ணாச்சி கேட்டார். மண் பரிசோதனைக்கு ஒன்பதாயிரம் கேட்டார்கள், சிறு கட்டடம்தானே என்று விட்டுவிட்டோம். அது குழுவின் தவறு. ஒத்துக்கொள்கிறோம்.

ஆனால் அடுத்து நடந்தது எங்கள் தவறு இல்லை. ஆழம் கூடியதற்குக் காண்ட்ராக்டர் கூடுதல் பணம் கேட்டார், நியாயம், சம்மதித்தோம். அந்த வாரமே தூண் கம்பி இறக்கினார்கள். வரைபடத்தில் 16 மில்லி. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் காலையில் குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு கம்பியாக வெர்னியர் வைத்துப் பார்த்தார். வேட்டி முழுக்கச் சேறு. பார்த்த கம்பியில் எல்லாம் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நான்கு தூண்களில் இருந்தது 12 மில்லி. “ஒரு தளத்துக்கு இது தாராளம் சார்” என்றார் காண்ட்ராக்டர். பெண்களுக்குத் தனியாக மாடி எடுக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அவரிடம் சொன்ன விஷயம். கான்கிரீட் போட வேண்டாம் என்று நிறுத்தினோம். மறுநாள் கலவை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

47 நாள் வேலை நின்றது. அதற்குள் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. குழி நிறைந்து, மோட்டார் வைத்து மூன்று நாள் இறைத்தோம். எம் சாண்டும் ஜல்லியும் விலை ஏறின. குழுவின் வறட்டுக் கௌரவத்தால் வேலை கிடக்கிறது என்று ஊரில் பேச்சு. வேறு ஆளைப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். இரண்டு பேரிடம் கேட்டோம். ஒருவர் இரண்டரை லட்சம் கூடுதலாகச் சொன்னார். மற்றவர், இன்னொருவர் போட்ட அஸ்திவாரத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். கடைசியில் இரு தரப்புக்கும் வேண்டிய ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தோம். கம்பி மாற்றும் செலவு காண்ட்ராக்டருடையது. ஆழத்தின் செலவு நம்முடையது. அதன் பிறகு அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதையும் எழுத வேண்டும்.

ஆக, அஸ்திவாரத்துக்கு 1,90,000. விலை ஏறியதில் 95,000. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதைக்கும், பெண்களுக்கு இன்னொரு கழிப்பறைக்கும் 60,000. இந்தக் கடைசித் தொகை நாங்களாகக் கூட்டியது. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டோம்.

அப்புறம், கூடத்தில் வைத்த மருத்துவ வரலாற்றுப் பலகை. அதில் பொதுப்பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவரின் நன்கொடை. அரசு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மிஷன் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எதற்கு எழுதினீர்கள் என்று கடிதம் வந்தது. நம் குமரி மாவட்டத்தில் ஆங்கில மருத்துவம் 1838இல் நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயோடு தொடங்கியது. பின்னால் அங்கே வந்த டாக்டர் லீச் 1854இல் கடலில் மூழ்கி இறந்தார். எவரெஸ்டில் ஏறப்போன டாக்டர் சோமர்வெல், 1922 பயணம் முடிந்து தெற்கே வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1890களில் ஒரு குளியலறையில் மருந்து கொடுக்கத் தொடங்கியதுதான் இன்றைய கேத்தரின் பூத் மருத்துவமனை. இவற்றை விட்டுவிட்டு எப்படி எழுதுவது?

பலகையில் அதன் கீழே கோட்டாறு அரசு ஆஸ்பத்திரி. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அதுதான். நம்மில் பாதிப்பேருக்குப் பிறந்த இடம். இன்று அந்த வளாகத்தில் ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. 2001இல் மருத்துவக் கல்லூரி வந்தபோது இடம் ஆசாரிப்பள்ளத்தின் பழைய டிபி ஆஸ்பத்திரி. டிபி ஆஸ்பத்திரி என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போன சாலைக்கு, இன்று நீரோடி முதல் ஆரல்வாய்மொழி வரை உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறியபோது, நம் உறுப்பினர்கள் பலர் இந்தச் சாலையில்தான் நின்றார்கள். சொந்தக்காரரைத் தேடி வந்தவர்களுக்கு அன்றிரவு உட்கார ஓர் இடம் இல்லை. இந்தக் கூடத்தின் எண்ணம் அன்றைக்கே விழுந்தது.

கொடுத்தவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இங்கே ஊரும் தொழிலும் மட்டும்: மனையை எழுதிக்கொடுத்த குடும்பத்தார்; சிமெண்டைக் கடனாக இறக்கி, பாதியைக் கணக்கில் கழித்துவிட்ட கோட்டாறு வியாபாரி; குவைத்திலிருந்து சம்பளத்தில் பிடித்து அனுப்பிய மூன்று தம்பிகள்; தோவாளைப் பூக்கட்டும் பெண்கள்; குலசேகரம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளர்கள்; தூத்தூர் படகுக்காரர்கள்; வடசேரிச் சந்தைக் காய்கறிக்காரர்கள்; இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள் உண்டியல்; கதவுக்குப் பலா மரம் வெட்டிக் கொடுத்த வேர்க்கிளம்பி விவசாயி; கூலி வாங்காமல் ஆறு நாள் நின்ற கொத்தனார் ஒருவரும் சித்தாள் இருவரும்.

திறந்த மூன்றாம் நாள் பேச்சிப்பாறைக்கு மேலிருந்து ஒரு காணிக்காரப் பழங்குடிப் பாட்டி வந்தார். பேரனைச் சேர்த்திருக்கிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவுப்பாதையிலேயே நின்றார். காசு கிடையாது, உள்ளே வாங்கம்மா என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் படி தாண்டினார். பாய் கொடுத்தோம். வடகிழக்கு மூலையில்தான் விரித்துப் படுத்தார்.

பில் கட்டு அலுவலக மேசையில் இருக்கிறது. ஞாயிறு மாலை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம். கையிருப்பு 57,000த்தில் 50,000 காண்ட்ராக்டருக்கு உரியது. ஐப்பசி மழை முழுவதும் நனைந்து கூரையும் அந்த மூலைச் சுவரும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தபின் கொடுப்பதாக எழுதி, அவரும் கையெழுத்திட்டிருக்கிறார்.

செயலாளர், திருப்பணிக் குழு