அரங்கை இடிக்கும் முன் ஆறு மாதம் கொடுங்கள்

நகரத் திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எங்கள் பழைய கலையரங்கை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டக் கோரும் விண்ணப்பம் உங்கள் பரிசீலனையில் இருக்கிறது. 'கீழ்த்தளத்திலேயே நவீன அரங்கு ஒன்றும் கட்டித் தருகிறோமே, அப்புறம் என்ன குறை?' என்று உரிமையாளர் தரப்பு கேட்கிறது. அதற்குத்தான் இந்தப் பதில்.

புதிய அரங்கின் வாடகையை யார் முடிவு செய்வார்கள்? விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போதுள்ள கட்டடம் பழசு, கூரை ஒழுகுகிறது, சரி. ஆனால் முதல் நாடகம் போடும் குழுவுக்கும் அதன் வாடகை கட்டுப்படியாகிறது. பாதி இருக்கை காலியாகப் போனாலும் கடனில் மூழ்காமல் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்க முடிகிறது. புதிய அரங்கில் அப்படித் தோற்க எங்களில் யாருக்கும் வசதி இருக்காது.

ஈடாகக் கட்டித் தரும் அரங்கு எப்படி அமையும் என்பதற்கு நியூயார்க்கில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1982இல் ஒரு பெரிய ஹோட்டலுக்காக மொராஸ்கோ, ஹெலன் ஹேய்ஸ் உள்ளிட்ட பிராட்வே அரங்குகள் இடிக்கப்பட்டன. தயாரிப்பாளர் ஜோசப் பாப்பும் நடிகர்களும் தெருவில் இறங்கிப் போராடியும் பலனில்லை. பதிலுக்கு அந்த ஹோட்டலுக்குள்ளேயே மார்க்கீஸ் அரங்கு வந்தது, சுமார் 1,600 இருக்கைகளோடு. பிரம்மாண்ட இசை நாடகத்துக்கு அது பொருத்தம்தான். நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசும் நாடகத்தை அங்கே போட்டால் பின்வரிசைக்கு முகமே தெரியாது.

அடுத்தது சத்தம். மேல்மாடியில் குழந்தை தூங்கும் வீடு, கீழே பறையும் டிரம்ஸும். குடிவந்தவர் புகார் கொடுப்பார், அதில் அவர் மேல் தப்பில்லை. இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் 2018இல் இதற்கு ஒரு வழி சேர்த்தார்கள்: ஏற்கெனவே இயங்கும் இசை அரங்கின் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர்தான் ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு. அப்படி ஒரு நிபந்தனையையும் இந்த விண்ணப்பத்தில் காணோம்.

நாங்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் நாங்கள் இந்த அரங்கை வாங்க வந்திருக்கிறோம். கூட்டுறவுச் சங்கம் தொடங்கும் வேலை நடக்கிறது, பங்குத் தொகைக்கு உறுதிமொழிகள் வந்துகொண்டிருக்கின்றன. இல்லாதது கால அவகாசம் ஒன்றுதான்.

இதற்கும் முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமூகச் சொத்தாகப் பட்டியலிட்ட ஓர் இடம் விற்பனைக்கு வந்தால், மக்கள் பணம் திரட்ட ஆறு மாதம் விற்பனையை நிறுத்திவைக்க முடியும். நியூயார்க்கின் கார்னகி அரங்கும் இடிபடவே இருந்தது. வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் முன்னின்ற இயக்கத்தால் 1960இல் நகர நிர்வாகமே 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. அவ்வளவு செலவை நாங்கள் உங்கள் தலையில் கட்டவில்லை.

கேட்பது இவ்வளவுதான். இடிப்பு அனுமதியை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். இரு தரப்புக்கும் பொதுவான மதிப்பீட்டாளர் ஒருவர் விலை சொல்லட்டும், அந்த விலையில் வாங்கும் முதல் வாய்ப்பை எங்களுக்குக் கொடுக்கும்படி உரிமையாளரிடம் பேசுங்கள். ஆறு மாதத்தில் பணம் சேரவில்லையென்றால், வாடகை வரம்பையும் ஒலித்தடுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கணக்கு விவரங்களோடு வருகிறோம். பேச நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
அரங்கின் கலைஞர்களும் பார்வையாளர்களும்