ஹாஸ்டல் ரூமுக்கும் ரேண்டம் நம்பர் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் பத்தி நம்ம பேப்பர்ல தினமும் நியூஸ் வருது. கட்ஆஃப் எவ்வளவு, எந்த காலேஜ்ல எத்தனை சீட் காலி, எந்த பிரான்ச்சுக்கு மவுசுன்னு பக்கம் பக்கமா போடறீங்க, நல்ல விஷயம்தான். ஆனா சீட் கிடைச்சு பொட்டி படுக்கையோட காலேஜ் வாசல்ல போய் நிக்கிற பிள்ளைக்கு ஹாஸ்டல்ல எந்த ரூம், கூட தங்கப்போறது யாரு, இதை யாரு முடிவு பண்றாங்க, எதை வெச்சு முடிவு பண்றாங்கன்னு ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அதுக்காகத்தான் இந்த லெட்டர் எழுதறேன்.

நான் அரியலூர் மாவட்டத்துல ஒரு கவர்மெண்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர். 2021-ல கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு, அதுல சேர்ற பிள்ளைங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாமே கவர்மெண்டே கட்டும்னு முதல்வர் சொன்னார், அதுக்கப்புறம் எங்க ஸ்கூல்ல இருந்து வருஷாவருஷம் பிள்ளைங்க வெளியூர் காலேஜுக்கு போறாங்க. அப்பா அம்மா கூலி வேலை, காலேஜ் ஆபீஸ்ல எந்த கவுண்டர்ல என்ன கேக்கணும்னு தெரியாது, அதனால டீச்சர் நீங்களும் வாங்கன்னு கூப்பிடுவாங்க, நானும் போவேன். இப்படி போய் போய் பல காலேஜ் ஹாஸ்டல் ஆபீசை பார்த்துட்டேன்.

ஹாஸ்டல் ஆபீஸ்ல பெரும்பாலும் ஒரு நீளமான நோட்டு இருக்கும். ரூம் நம்பர் பேனாவுல எழுதியிருக்கும், அதுக்கு எதிர்ல பிள்ளைங்க பேரு பென்சில்ல இருக்கும். அந்த பென்சிலைத்தான் சொல்ல வர்றேன். போன வருஷம் ஒரு காலேஜ்ல (பேரு வேண்டாம்) எங்க பொண்ணுக்கு முதல் மாடியில ஒரு ரூம் எழுதினாங்க, நாங்க பாயும் ட்ரங்க் பெட்டியும் இறக்கிட்டு இருக்கும்போதே ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சு, ரப்பர் எடுத்து அந்த பேரை அழிச்சு வேற ஒரு பேரை எழுதிட்டு, உங்களுக்கு கீழ கடைசி ரூம்மான்னு சொல்லிட்டாங்க. மெஸ்ல பாத்திரம் கழுவற இடத்துக்கு ஒட்டின ரூம், சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு. அந்த ரூம்ல ஏற்கனவே வந்திருந்த ரெண்டு பிள்ளைங்களும் 7.5-ல வந்தவங்கதான், எதிர் ரூம்லயும் அப்படித்தான். என் ஸ்டூடண்ட் என்கிட்ட மெதுவா கேட்டா, "டீச்சர், எங்களையெல்லாம் ஏன் ஒரே பக்கமா போட்டிருக்காங்க?"

அவ கேட்ட கேள்விக்கு பதில் தேடித்தான் இவ்வளவும் யோசிச்சேன். யாரோ ஒருத்தர் உக்காந்து திட்டம் போட்டு ஜாதி பார்த்து பிரிக்கிறாங்கன்னு நான் சொல்லலை, சில இடத்துல அதுவும் நடக்குது, "நீங்க எந்த ஊரு"ன்னு கேட்டுட்டு உடனே "ஊருக்குள்ள எந்த தெரு"ன்னு கேக்கற ஆளை நானே பார்த்திருக்கேன், அந்த ரெண்டாவது கேள்வி எதுக்குன்னு தமிழ்நாட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா யாருமே கெட்ட எண்ணத்தோட செய்யாட்டியும் இப்போ இருக்கற முறையில பிள்ளைங்க தானா பிரிஞ்சுதான் போவாங்க. கவுன்சிலிங் ரவுண்டு ரவுண்டா நடக்குது. அதிக கட்ஆஃப் எடுத்தவங்க முதல் ரவுண்டுலயே அலாட்மெண்ட் வாங்கி ஃபீஸ் கட்டி ரூமையும் பிடிச்சுடறாங்க, காத்து வர்ற ரூம் எல்லாம் அப்பவே காலி. கடைசியா நடக்கற சப்ளிமெண்டரி கவுன்சிலிங்ல வர்ற பிள்ளைக்கு மிச்சம் மீதிதான். அதே ரவுண்டுக்குள்ளயும் கார் வெச்சு காலையிலயே வர்றவங்க முதல்ல, ரெண்டு பஸ் மாறி மதியம் மூணு மணிக்கு வர்றவங்க கடைசி. யாரு லேட்டா வர்றாங்கன்னு பார்த்தா, பணம் புரட்டறவங்க, சர்டிஃபிகேட்டுக்கு தாலுகா ஆபீஸ் அலையறவங்க, வீட்டுல முதல் தடவையா காலேஜ் வாசலை மிதிக்கறவங்க. வரிசைப்படி குடுத்தோம்னு ஆபீஸ்ல சொல்றது உண்மைதான், ஆனா அந்த வரிசையே காசு இருக்கறவங்க, இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்க முன்னாடி நிக்கற வரிசை.

இது ரூம் வசதியோட முடியற சமாச்சாரம் இல்லை. ஃபர்ஸ்ட் இயர்ல பிள்ளைங்க பாதி படிப்பை ரூம்லதான் படிக்கிறாங்க. தமிழ் மீடியம் பிள்ளைக்கு முதல் செமஸ்டர்ல லெக்சர் புரியாது, ராத்திரி ரூம்ல ஒருத்தி சொல்லிக் குடுத்தா புரிஞ்சுடும், மூணு பேருக்குமே புரியலைன்னா மூணு பேரும் சேர்ந்து அரியர் வைப்பாங்க. இன்டர்ன்ஷிப்னா என்ன, எந்த கோர்ஸ் எடுக்கணும், ஸ்காலர்ஷிப் எப்போ அப்ளை பண்ணணும்னு எல்லா தகவலும் ரூம்மேட் வழியாத்தான் வருது. அந்தப் பக்கம் வசதியான வீட்டு பிள்ளையும் எங்க பிள்ளைகளோட ஒரு வருஷம் ஒண்ணா தூங்கி எழுந்து மெஸ்ல ஒண்ணா சாப்பிட்டாத்தான் மனுஷங்களை பத்தி அதுக்கு இருக்கற தப்பான எண்ணம் போகும். தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல இதை ஆராய்ச்சியாவே பார்த்திருக்காங்க, வேற வேற இனத்து பிள்ளைங்க ஒரே ரூம்ல இருந்தப்போ கறுப்பின பிள்ளைங்களோட ரிசல்ட் நல்லா ஆச்சு, வெள்ளைக்கார பிள்ளைங்களுக்கு அவங்களை பத்தி இருந்த மட்டமான எண்ணம் குறைஞ்சுது. அமெரிக்காவுல ட்யூக் யுனிவர்சிட்டியில முன்னாடி பிள்ளைங்களே ஆன்லைன்ல தங்களை மாதிரி ஆளா தேடி ரூம்மேட்டை முடிவு பண்ணிட்டு வருவாங்க, 2018-ல இருந்து ஃபர்ஸ்ட் இயருக்கு அதை நிறுத்திட்டு காலேஜே கலந்து போட ஆரம்பிச்சுட்டாங்க.

நம்ம நாட்டுல சட்டம் இல்லாமலும் இல்லை. 1996-ல சிதம்பரத்துல ஃபர்ஸ்ட் இயர் மெடிக்கல் படிச்ச நாவரசு ஹாஸ்டல்ல கொல்லப்பட்டப்புறம் தமிழ்நாடுதான் 1997-லயே ராகிங் தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. 2009-ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட ராகிங் தடுப்பு விதிமுறையில ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளை முடிஞ்ச வரைக்கும் தனி பிளாக்ல வைக்கணும், வார்டன் எந்த நேரமும் போன்ல கிடைக்கணும்னு இருக்கு. இதெல்லாம் சீனியர்கிட்ட இருந்து பிள்ளையை காப்பாத்த. அந்த தனி பிளாக்குக்குள்ள யாரை எந்த ரூம்ல போடறதுங்கறது அந்தந்த ஆபீஸோட இஷ்டமாவே இருக்கு. டெல்லி எய்ம்ஸ்ல எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களை எப்படி நடத்தறாங்கன்னு விசாரிச்ச தோரட் கமிட்டி 2007-ல குடுத்த ரிப்போர்ட்ல, அந்த பிள்ளைங்க சில ஹாஸ்டல்கள்ல மேல் மாடிகள்ல மட்டும் ஒதுங்கி சேர்ந்து கிடக்கறாங்க, தொல்லை தாங்க முடியாம மாறிப் போனவங்களும் இருக்காங்கன்னு எழுதியிருந்தாங்க. டாக்டருக்கு படிக்கற இடத்துலயே அப்படி. 2012-ல யுஜிசி கொண்டு வந்த சமத்துவ விதிமுறையில ஹாஸ்டல், மெஸ் எதுலயும் ஜாதி பார்த்து பிரிக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. பிரிக்காதேன்னு சொன்னா மட்டும் போதாது, எப்படி கலந்து போடறதுன்னு ஒரு முறையும் சொல்லணும். 2023-ல நாங்குநேரியில ஒரு தலித் மாணவனை கூட படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டின சம்பவத்துக்கு அப்புறம் கவர்மெண்ட் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024-ல ரிப்போர்ட் குடுத்தப்போ, ஸ்கூல் கிளாஸ்ல பிள்ளைகளை பேரோட எழுத்து வரிசைப்படி உக்கார வைக்கணும்னு ஒரு சிபாரிசு பண்ணினார் இல்லையா, ஜாதிக்காரன் பக்கத்துல ஜாதிக்காரன் உக்காராம இருக்க அது ஒரு சின்ன ஏற்பாடு, ஆனா அது முறை. ஸ்கூல் பெஞ்சுக்கு யோசிச்சவங்க காலேஜ் கட்டிலுக்கு யோசிக்க மாட்டாங்களா.

நான் கேக்கறது ரொம்ப சுலபமான விஷயம். கவுன்சிலிங்ல அப்ளை பண்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து இலக்கத்துல ஒரு ரேண்டம் நம்பர் குடுக்கறாங்க, மார்க்ல இருந்து பிறந்த தேதி வரைக்கும் எல்லாமே சமமா வந்துட்டா கடைசியில அந்த நம்பரை வெச்சுத்தான் யாரு முன்னன்னு முடிவு பண்றாங்க, சீட்டையே அதை வெச்சு குடுக்கும்போது எந்த அப்பா அம்மாவும் சண்டைக்கு போறதில்லை. அதே நம்பரை எடுத்து ஹாஸ்டல் ரூமையும் போடுங்க. கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷ வேலை. எல்லா ரவுண்டும் முடியற வரைக்கும் யாருக்கும் நிரந்தரமா ரூம் குடுக்க வேண்டாம், தற்காலிகமா தங்க வெச்சுட்டு மொத்தமா ஒரே நாள்ல போடலாம், அது முடியாதுன்னா மூணு பேர் ரூம்ல முதல்ல ரெண்டு பேரை மட்டும் போட்டுட்டு ஒரு கட்டிலை கடைசி ரவுண்டு பிள்ளைக்கு விட்டு வைக்கலாம். நடக்க முடியாத பிள்ளைக்கு, உடம்புக்கு முடியாத பிள்ளைக்கு தரைத்தளத்துல ரூமை முன்னாடியே எடுத்து வெச்சிடணும், அதுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் போதும், போன் வேண்டாம். ஹாஸ்டல் ஆபீசுக்கு போற லிஸ்ட்ல கம்யூனிட்டி எழுதற கட்டமும் இருக்க வேண்டாம், 7.5-ஆங்கற குறிப்பும் இருக்க வேண்டாம், ஃபீஸ் கணக்கு பார்க்கற கிளார்க்குக்கு மட்டும் அது தெரிஞ்சா போதும். போட்ட லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்.

பல பெற்றோர் இதை ஒத்துக்க மாட்டாங்கன்னு எனக்கு தெரியும். பொம்பளைப் பிள்ளையை தெரிஞ்ச ஊர்க்கார பிள்ளையோடதான் விடுவோம்னு சொல்வாங்க, அந்த பயத்தை நான் குறைச்சு பேசலை, அதுக்கு நல்ல வார்டனும் பூட்டு இருக்கற கதவும்தான் பதில், ஊர்க்காரி பதில் இல்லை. எனக்கே பெரிசா படற கேள்வி வேற ஒண்ணு. கலந்து போட்ட ரூம்ல எங்க பிள்ளையை ஜாதி சொல்லி குத்திக் காட்டினா, அது ராத்திரி யாருகிட்ட போய் சொல்லும்? தன் ஆளுங்களோட இருந்திருந்தா அந்த வலியாவது மிச்சம்னு எங்க பழைய ஸ்டூடண்ட் ஒருத்தியே என்கிட்ட சொன்னா, அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதனால ரூம் மாத்திக் கேக்க ஒரு வழி கண்டிப்பா இருக்கணும், காரணத்தை எழுதி வாங்கி பதிவு பண்ணணும், தப்பு பண்ணின பிள்ளையைத்தான் மாத்தணும், புகார் குடுத்த பிள்ளையை கிளப்பி மறுபடியும் அந்த ஓதம் ஏறின ரூமுக்கு அனுப்பக் கூடாது. டெபுடி வார்டன்களும் பாவம், கிளாஸ் எடுத்துட்டு அதுக்கு மேல இந்த வேலையும் பார்க்கறாங்க, மேல இருந்து போன் வந்தா அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது. எழுத்துல ஒரு ரூல் இருந்தா அதை காட்டி அவங்களும் தப்பிச்சுக்கலாம்.

2025-ல ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி எல்லாத்துக்கும் சமூக நீதி விடுதின்னு ஒரே பேரு வைக்கறதா கவர்மெண்ட் அறிவிச்சுது, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. காலேஜ் ஹாஸ்டலுக்குள்ள ரூம் போடறதுலயும் அந்த சமூக நீதி வரணும்னு உயர்கல்வித் துறைக்கு உங்க பேப்பர் மூலமா சொல்லிக்கறேன். அடுத்த வருஷம் இன்ஜினியரிங் அப்ளிகேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கவர்மெண்ட் காலேஜ், யுனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்டல்கள்லயாவது ரூம் அலாட்மெண்ட் ரேண்டம் நம்பர் படிதான்னு ஒரு சர்க்குலர் போட்டா போதும், தனியார் காலேஜ்ல 7.5 பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் பணம் கவர்மெண்ட் குடுக்கறதால அவங்களையும் கேக்கற உரிமை கவர்மெண்டுக்கு இருக்கு. உங்க நிருபர்கள் யாராவது காலேஜ் திறக்கற வாரத்துல ஒரு நாள் ஹாஸ்டல் ஆபீஸ்ல போய் உக்காந்து அந்த நோட்டை பார்த்து எழுதினாங்கன்னா நான் சொன்னதை விட அதிகமாவே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு அரசு மேல்நிலைப்பள்ளி கணித ஆசிரியை,
அரியலூர் மாவட்டம்.