"கோபம்" என்று எழுதாதே, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், குழந்தைகளுக்கு நடத்தைத் தெரபி கொடுக்கும் சென்டரில் நீ எழுதிய முதல் செஷன் நோட்டின் வரி இது: "இன்று கோபமாக இருந்தான், ஒத்துழைக்கவில்லை, ரொம்ப அடம்." இதில் குழந்தை செய்தது ஒன்றுகூட இல்லை. உன் முடிவுகள் மூன்று இருக்கின்றன. நாளை உனக்குக் காய்ச்சல் வந்து வேறொரு தெரபிஸ்ட் உட்கார்ந்தால், இந்த வரியை வைத்துக்கொண்டு அவர் எதை எண்ணுவார்?

நாம் செய்யும் பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வுக்கு (நடத்தையைப் பார்த்து எண்ணி, எதனால் வருகிறது என்று அறிந்து மாற்றும் முறைக்கு) அடிப்படையான கட்டுரையை 1968-ல் பேர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதினார்கள். அதில் அவர்கள் கேட்ட ஏழு தன்மைகளில் ஒன்று, செய்முறையை வாசித்தே பயிற்சி பெற்ற இன்னொருவர் அதை அப்படியே திரும்பச் செய்ய முடியவேண்டும் என்பது. நோட்டு எழுதும்போது இதை மட்டும் மறக்காதே.

"அடம்" என்பதை இப்படி மாற்று: "கையால் மேசையையோ ஆளையோ சத்தம் கேட்கும்படி அடிப்பது, அல்லது முதுகு தரையில் படப் படுத்துக் காலை உதைப்பது. பாட்டுக்குத் தாளம் தட்டுவது சேராது. இரண்டும் இல்லாமல் 10 விநாடி போனால் ஒரு நிகழ்வு முடிந்தது." எது சேரும், எது சேராது, எங்கே தொடங்கி எங்கே முடியும், மூன்றும் வந்துவிட்டன. எழுதிய பிறகு, இன்னொரு தெரபிஸ்ட்டை அதே அறையில் உட்காரவைத்து இருவரும் தனித்தனியாக எண்ணுங்கள். நீ 8, அவர் 10 என்றால் சிறியதைப் பெரியதால் வகுத்து 80 சதவீதம். வழக்கமாக ஏற்கும் கீழ்வரம்பு அதுதான். ஆனால் மொத்த எண் ஏமாற்றும். நீ எண்ணிய எட்டும் முதல் பாதியில், அவர் எண்ணிய பத்தும் பின்பாதியில் இருந்தாலும் இதே 80தான் வரும். அதனால் நேரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் துண்டுக்குத் துண்டு ஒப்பிடு.

அடுத்தது முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு. மூன்று கட்டம் போட்ட தாளில் நடுக்கட்டத்தை எல்லோரும் நிரப்புகிறார்கள். பிழை முதல் கட்டத்திலும் மூன்றாவதிலும்தான். "காரணமே இல்லாமல் கத்தினான்" என்று எழுதினால் நீ பார்க்கவில்லை என்றுதான் பொருள். "'பஸிலை எடு' என்று சொன்னேன், 4 விநாடியில் கத்தித் தட்டைத் தள்ளினான், 'ஓரமாய்ப் போய் உட்கார்' என்று சொல்லித் தட்டை எடுத்துவிட்டேன்" என்று எழுதினால் அந்த ஒரு வரியிலேயே சிக்கல் தெரிந்துவிடும். அவன் கத்தியது பஸிலிலிருந்து தப்பிக்க என்று தோன்றுகிறது. நீ தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவன் கேட்ட விடுதலையை. நாளை இன்னும் சீக்கிரம் கத்துவான். இதற்குப் பெயர் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். "நெகட்டிவ்" என்றதும் தண்டனை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பிடிக்காத ஒன்று விலகுவதால் நடத்தை கூடுவதுதான் அது.

கவனம் பெற, வேலையிலிருந்து தப்பிக்க, பொருள் பெற, உடலுக்கு அதுவே இதமாக இருப்பதால் என நடத்தைக்கு நான்கு பயன்களைச் சொல்வார்கள். ஒரே கத்தல் காலையில் ஒன்றுக்கும் மாலையில் வேறொன்றுக்கும் இருக்கலாம். ஒரு நாள் தாளை வைத்து முடிவு கட்டாதே. கடைசி வகையில் ஒரு எச்சரிக்கை: கையை ஆட்டுவது யாருக்கும் வலி தரவில்லை, கற்பதைத் தடுக்கவில்லை என்றால் அதை நிறுத்துவதை இலக்காக எழுதாதே. பார்ப்பவருக்குச் சங்கடம் என்பதெல்லாம் காரணமே இல்லை.

ஏற்காட்டிலிருந்து வரும் குழந்தைக்குத் தாளில் ஒரு வரி கூடுதலாக வை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வாந்தி எடுத்துவிட்டு வந்தவனின் முதல் கால்மணி நேர டேட்டாவையும், உள்ளூர்க் குழந்தையின் டேட்டாவையும் ஒன்றாய்ப் படிக்க முடியாது. தூக்கம், சாப்பாடு, பயணம், மருந்து மாற்றம் இவை நான்கும் தாளின் மேற்பகுதியில் இருக்கட்டும். அம்மாப்பேட்டையில் வீட்டுக்குப் போய் எடுக்கும் செஷனில் தறிச் சத்தம் இருந்ததா என்பதையும் குறி.

இனி எண்கள். திங்களன்று 45 நிமிடத்தில் 9 அடி, செவ்வாயன்று 30 நிமிடத்தில் 7 அடி. "குறைந்திருக்கிறது" என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. மணிக்கு 12 ஆக இருந்தது 14 ஆகியிருக்கிறது. தொடக்க நேரமும் முடிந்த நேரமும் இல்லாத எண்ணிக்கையால் பயனில்லை. நீண்டு போகும் அழுகைக்கு எண்ணிக்கை வேண்டாம், ஸ்டாப்வாட்ச் போதும். நேரத்தைத் துண்டுகளாக்கி டிக் போடும் துண்டு நேர முறையில், துண்டுக்குள் ஒரு தடவை நடந்தாலே டிக் போடும் வகை மிகைப்படுத்தும்: 10 விநாடிக்கு ஒருமுறை ஒரு விநாடி மட்டும் நடந்தால் 10 நிமிடத்தில் மொத்தம் ஒரே நிமிடம், தாளிலோ 100 சதவீதம். முழுத் துண்டும் நடந்தால்தான் டிக் என்னும் வகை எதிர்ப்பக்கம் குறைத்துக் காட்டும். எந்த வகை என்று தாளின் தலையில் எழுது.

பயிற்சித் தாளில் 10 முறையில் 6 தானாக, 3 ப்ராம்ப்டுடன் (நீ கொடுத்த உதவியுடன்), 1 தவறு என்றால் எழுதவேண்டியது 60 சதவீதம். 90 என்று எழுதுபவர்கள் தங்கள் கையின் திறமையைக் குழந்தைக்கு மார்க்காகப் போடுகிறார்கள். கையைப் பிடித்ததா, சுட்டிக் காட்டியதா, முதல் எழுத்தைச் சொன்னதா என்று ப்ராம்ப்டின் வகையையும் குறி. அந்த உதவி நாளுக்கு நாள் குறையவில்லை என்றால் குழந்தை உன் கைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

சரியாகச் செய்ததற்குக் கொடுக்கும் பரிசுக்குத் தட்டுவடை செட் வேண்டாம். (நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான்.) ஒரு வாய் மெல்ல 20 விநாடி, 30 முயற்சிக்கு 10 நிமிடம் போயிற்று. விழுங்குவதில் சிக்கலோ ஒவ்வாமையோ இல்லை என்று பெற்றோரிடம் உறுதி செய்தபின், உணவு தேவைப்பட்டால் இரண்டு பொரி போதும். சாப்பிட்டு வந்த வயிற்றுக்கு அதுவும் எடுபடாது. அதனால் தினமும் தொடங்கும் முன் நாலைந்து பொருட்களை வைத்து எதை எடுக்கிறான் என்று பார்.

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுது. "தண்ணீர் கேட்டான்" என்றால் வாயால் "ண்ணி" என்றானா, குவளையைச் சுட்டினானா, உன் கையை இழுத்துப் போனானா என்பது தெரியாது. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசினால் முதல் சொற்கள் அந்த மொழியில் வரும். அதைத் தவறு என்று குறிக்காமல் அம்மாவிடம் கேட்டு எழுது.

பேனாவால் எழுது, பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடு. ஒயிட்னர் வேண்டாம். செஷன் முடிந்த அன்றே எழுது. நேற்றைய நோட்டை நகலெடுத்துத் தேதி மாற்றுவது பொய்க் கணக்கு. வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடாதே. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது.

கத்தலுக்கு இனி எதையும் தராமல் விடுவது என்று திட்டம் மாறினால் முதலில் கத்தல் ஏறலாம், பிறகுதான் இறங்கும். தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் குழந்தையிடம் சூப்பர்வைசர் எழுதிக் கொடுக்காமல் அந்தத் திட்டத்தைத் தொடவே தொடாதே. திட்டம் தொடங்கிய நாளில் கிராஃபில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இரு பக்கமும் என்ன திட்டம் என்று எழுதிவை.

அன்புடன்,
அக்கா

பி.கு.: அடுத்த வாரத் தாளைக் குழந்தையின் பெயரும் அடையாளமும் இல்லாமல் அனுப்பு. முதல் கட்டத்தை மட்டும் பார்க்கிறேன்.