ஏரிச் சேற்றில் பதிந்த வடக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய புவிக் காந்தப்புலத்தின் திசை பாறைகளிலும் படிவுகளிலும் பதிவாகியிருப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எரிமலைப் பாறைகளை விரிவாகப் பேசிவிட்டு ஏரிப் படிவுகளை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குக் குறையாகவே பட்டது. எரிமலைக் குழம்பு, தான் குளிர்ந்த காலத்தின் காந்தப்புலத்தை மட்டுமே பதிவு செய்யும். ஏரியின் அடியிலோ இடைவிடாமல் வண்டல் படிவதால், அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்புக் கனிமத் துகள்கள் அந்தந்தக் காலத்துக் காந்தப்புலத்தின் திசைக்கேற்பத் திரும்பி, மேலே சேரும் சேற்றின் அழுத்தத்தில் இறுகிவிடுகின்றன.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில், அழுத்தக் காற்றால் இயங்கும்படி தாமே வடிவமைத்த குழாய்க் கருவியால் வண்டலை எடுத்து ஆராய்ந்த அறிவியலாளர் மேக்கரெத், பனியுகத்துக்குப் பிந்தைய காலத்தில் காந்த வடக்கு, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கு, கிழக்கும் மேற்குமாக ஊசலாடி வந்ததை 1971இல் வெளியிட்டார். லண்டனில் 1580இல் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 11 பாகை கிழக்கே விலகியிருந்த திசைகாட்டி முள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 24 பாகை மேற்கே சாய்ந்திருந்தது. அங்கே நேரடி அளவீடுகள் அந்த 1580 வரைதான் பின்னோக்கிச் செல்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்குச் சேறே முக்கியச் சாட்சி.

அந்தச் சாட்சியும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதே. புழுக்கள் வண்டலைக் கிளறினாலோ, கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு வயதைக் கணக்கிடும் ரேடியோகார்பன் காலக்கணிப்பில் பழைய கரிமம் கலந்தாலோ பிழை நேரும் என்பதால், ஒரே ஏரியை நம்பாமல் அருகிலுள்ள பல ஏரிகளின் படிவுகளை ஒப்பிட்ட பிறகே ஆய்வாளர்கள் முடிவுக்கு வருகின்றனர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.