சைப்பிரஸ் செல்லும் பணிப்பெண்களின் மருத்துவக் காப்புறுதி விபரங்களைத் தமிழில் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சைப்பிரஸில் வேலை செய்வோரின் குடும்பத்தினர்,
மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்கள்.

பெறுநர்:
தலைவர்,
இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்,
பத்தரமுல்லை.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் பெண்களை வீட்டுப் பணிக்காகச் சைப்பிரஸ் தீவுக்கு அனுப்பும்போது சம்பளம், டிக்கெட், முகவருக்குரிய செலவு எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறோம். அங்கே நோய் வந்தால் யார் பணம் கட்டுவது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றுவதுமில்லை. காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி, முற்றினால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். காப்புறுதி அட்டையைக் கண்ணால் கண்டதில்லை.

அங்கே நிலைமை வேறு. 2019இல் சைப்பிரஸ் தொடங்கிய 'கெசி' என்னும் பொதுச் சுகாதாரத் திட்டத்தில், தற்காலிக வதிவிட அனுமதியுடன் வேலை செய்யும் வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பொதுவாக இடமில்லை. தனியார் காப்புறுதிதான் அவர்களுக்குத் துணை. வதிவிட அனுமதி பெறவும் அது தேவை. ஒப்பந்தப்படி கட்டணத்தில் பாதியை வீட்டுக்காரரும் மறுபாதியைப் பணிப்பெண்ணும் செலுத்துகிறார்கள். தன் உழைப்பில் பணம் கட்டியவளிடம் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதிகூட இருப்பதில்லை என்பதே எங்கள் முறையீடு.

சைப்பிரஸின் லிமசோல் நகரில் வேலை செய்யும் எங்கள் பிள்ளை ஒருத்திக்கு இரவில் கடும் வயிற்றுவலி வந்தது. காப்புறுதி இருந்தது, அட்டையோ அங்குள்ள முகவரின் மேசையில். வைத்தியசாலையில் ரொக்கம் கேட்டார்கள். இங்கே தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. செலவில் ஒரு பகுதியைத் திரும்பக் கோரியிருக்கலாம் என்பது, கோருவதற்கான காலம் கடந்த பிறகுதான் தெரியவந்தது.

ஆகவே, புறப்படுமுன் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு தாள் கிடைக்க ஆவன செய்யுங்கள். காப்புறுதி எதற்குப் பணம் தரும், எந்தத் தொகை வரை தரும், முன்பே இருந்த நோய், பேறுகாலம், பல் வைத்தியம் ஆகியவற்றுக்குத் தருமா, இரவில் எந்த எண்ணை அழைப்பது என்பவை அதில் இருக்கவேண்டும். அங்கே சேர்ந்ததும் பத்திரத்தின் பிரதி பணிப்பெண்ணுக்கும் குடும்பத்துக்கும் வந்துசேர்வதை முகவரின் பொறுப்பாக்குங்கள். புறப்படுமுன் வாஷிங் மெஷினை இயக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் இதற்கும் அரைமணி நேரம் ஒதுக்க முடியாதா?

அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரச கரும மொழி. எனவே சலுகையாக இதைக் கேட்கவில்லை. தங்கள் பதிலையும் எழுத்தில், தமிழில், எங்கள் பிரதேச செயலகத்தின் ஊடாக அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பத்தினர்